நத்தார் கேக் விற்று, நிறை குறைந்த பிள்ளைகளுக்கு மூன்று மாதச் சாப்பாடு: புதிதாகத் தொடங்கும் நண்பர் குழுக்களுக்கு

மார்கழி விடுமுறை வந்தால் யாழ்ப்பாணத்தில் ஒழுங்கைக்கு ஒரு வீட்டிலாவது கேக் மணக்கும். நத்தார் கொண்டாடுகிற வீடு என்றில்லை. புதுவருடம், பொங்கல், வெளிநாட்டில் இருந்து வருகிற சொந்தம் என்று கேக்குக்குக் காரணம் குறைவதில்லை. நாலைந்து நண்பர்கள் சேர்ந்தால் அந்த அடுப்படிக் கலகலப்பை வைத்தே ஊரில் நிறை குறைந்த சில பிள்ளைகளை மூன்று மாதம் நன்றாகச் சாப்பிட வைக்கலாம். எப்படி என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

ஒன்றை முதலிலேயே மனதில் வையுங்கள். கேக் வாங்கக்கூடியவர்களுக்குக் கேக். அதில் வரும் காசு பிள்ளைக்கு முட்டையாக, பயறாக, எள்ளாகப் போக வேண்டும். 25 ஆம் திகதி ஒரு துண்டு கேக்கைக் கையில் கொடுத்துப் படம் எடுத்துவிட்டு வந்தால் அந்தப் பிள்ளையின் நிறை ஒரு கிராமும் கூடாது. மாவும் சீனியும் பட்டரும் வயிற்றை நிரப்பும். வளர்வதற்கு வேண்டிய புரதம், இரும்பு, நாகம் (சிங்க்) எல்லாம் வேறு சாப்பாட்டில் இருந்து, அதுவும் நாள்தோறும் வர வேண்டும்.

2016 இல் நடந்த இலங்கை மக்கட்தொகை, சுகாதார ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 100 பேருக்கு ஏறத்தாழ 15 பேர் உயரத்துக்கேற்ற நிறை இல்லாமலும், 17 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாமலும் இருந்தார்கள். 2022 இன் நெருக்கடிக்கு முன்னைய கணக்கு இது. அந்த வருடம் கிளினிக்குகளில் கொடுக்கும் திரிபோஷா என்ற சத்துமாவுக்கே தட்டுப்பாடு வந்தது ஞாபகம் இருக்கும். ஆகவே தேடிப் போக வேண்டிய பிள்ளைகள் தூரத்தில் இல்லை. உங்கள் வட்டாரத்திலேயே இருப்பார்கள்.

மாவில் கைவைக்க முன் கிளினிக்குக்குப் போங்கள்

கார்த்திகை தொடங்க முன், நவம்பர் முதல் வாரத்தில், உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரைப் போய்ப் பாருங்கள். மிட்வைஃப் என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். எந்தப் பிள்ளை நிறை கூடுகிறது, எது இரண்டு மாதமாக அப்படியே நிற்கிறது, எந்த வீட்டில் அடுப்பு மூட்டுவதே கஷ்டம் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஒவ்வொரு பிள்ளைக்கும் உள்ள வளர்ச்சிப் பதிவேட்டில் மாதா மாதம் நிறையைக் குறித்து வருபவர் அவர்தான். அந்தக் கோடு பச்சைப் பகுதியை விட்டுச் செம்மஞ்சளுக்கோ சிவப்புக்கோ இறங்கினால் கவலைப்பட வேண்டும்.

நாமாக ஒரு குடிசையைப் பார்த்து 'பாவம்' என்று தெரிவு செய்தால் பிழையாகிப் போகும். மெலிந்து தெரியும் பிள்ளை பரம்பரை உடல்வாகாக இருக்கலாம். கன்னம் உப்பி இருக்கும் பிள்ளை உள்ளே சத்தில்லாமல் வீங்கியிருக்கலாம்.

அவரிடம் பெயர்ப் பட்டியல் கேட்காதீர்கள். அது அந்தக் குடும்பங்களின் அந்தரங்கம். 'ஐந்து பிள்ளைகளுக்கு மூன்று மாதம் சாப்பாட்டுப் பொருள் தர நினைக்கிறோம், விருப்பமுள்ள தாய்மாரைக் கேட்டுச் சொல்வீர்களா?' என்று மட்டும் கேளுங்கள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கும் ஒரு கடிதம் கொடுத்துவிட்டால் அவருக்கும் உங்களுக்கும் சங்கடம் வராது. காசை உத்தியோகத்தர்களின் கையில் கொடுக்க முயல வேண்டாம். ஊர்ச் சனசமூக நிலையம், மாதர் சங்கம், பங்கிலுள்ள வின்சென்ட் டி போல் சபை போன்ற ஏதாவது ஒன்று பொருளை வைத்து எடுக்க இடம் தரும்.

மிகக் கடுமையாக மெலிந்த பிள்ளை உங்கள் பொறுப்பல்ல. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையான பிள்ளையின் மேற்கைச் சுற்றளவு (தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் அளப்பது) 11.5 சென்ரிமீற்றருக்குக் குறைந்தாலோ, இரண்டு பாதமும் வீங்கி அழுத்தினால் குழி விழுந்தாலோ, அன்றே கிளினிக்குக்கு அல்லது பெரியாஸ்பத்திரிக்கு. அந்த நிலையில் உள்ள உடம்புக்குத் திடீரென்று நிறையச் சாப்பாடு கொடுப்பதே ஆபத்து. இரத்தத்தில் உப்புகளின் சமநிலை குலைந்து இதயம் தாங்காமல் போகலாம். அதனால்தான் ஆஸ்பத்திரிகளில் முதலில் 100 மில்லிலீற்றருக்கு 75 கலோரி மட்டும் உள்ள சிகிச்சைப் பாலில் தொடங்கி, பிறகு மெல்லக் கூட்டுவார்கள். இரக்கத்தில் ஊட்டிவிடுகிற இடம் இதுவல்ல.

ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும். அந்த வீட்டுக்குப் பால்மாப் பெட்டி கொண்டு போகாதீர்கள். தாய்க்குச் சாப்பாடு கொண்டு போங்கள்.

என்ன செய்து விற்பது

புதிதாகத் தொடங்குபவர்கள் மூன்று பலகாரத்துக்கு மேல் போக வேண்டாம். பட்டர் கேக், ரிச் கேக், பயற்றம் பணியாரம் போதும். பயற்றம் பணியாரம் எதற்கென்றால், கார்த்திகைப் பறுவத்துக்குப் பிறகு பிள்ளையார் கதை, அதைத் தொடர்ந்து திருவெம்பாவை என்று நத்தார்க் காலத்தில் எத்தனையோ சைவ வீடுகளில் முட்டை படாது. அந்த வீடுகளும் இந்தக் காரியத்தில் சேர விரும்பும். முட்டை பட்ட பாத்திரம், கரண்டி எதுவும் அதற்குப் படாமல், வேறு வீட்டில், வேறு நாளில் செய்யுங்கள். தேங்காய்ப்பூவை ஈரம் போகப் பொன்னிறமாக வறுத்துச் சேர்த்தால் பணியாரம் ஊசாமல் கூட நாள் நிற்கும்.

பட்டர் கேக்குக்குப் பழைய கணக்கே நல்லது: பட்டர் 500 கிராம், சீனி 500, கோதுமை மா 500, முட்டை 10, பேக்கிங் பவுடர் 4 தேக்கரண்டி, வனிலா 2 தேக்கரண்டி, தேவைக்குக் கொஞ்சம் பால். பட்டரும் முட்டையும் குளிர்ப்பெட்டியில் இருந்து எடுத்து ஒரு மணித்தியாலமாவது வெளியே இருக்கட்டும். குளிர்ந்த முட்டையை அடித்த பட்டரில் ஊற்றினால் கலவை திரிந்து தயிர் போலாகிவிடும். மாரி மழையில் சீனி ஈரமாக இருக்கும். அரைக்க முன் அகலத் தட்டில் பரப்பி ஓவனின் இளஞ்சூட்டில் பத்து நிமிடம் வையுங்கள். பட்டரும் சீனியும் வெண்ணிறமாகப் பொங்கி வரும்வரை அடிக்க வேண்டும். இந்த வேலையில்தான் எல்லாரும் அவசரப்படுவார்கள், கேக் கனத்துப் போவதும் இதில்தான். பிறகு முட்டையை ஒவ்வொன்றாகவும், மாவை மூன்று தடவையாகவும் சேர்த்து, மா போட்டபின் அடிக்காமல் கரண்டியால் மடித்துக் கலந்து, 170 பாகை செல்சியசில் 45 நிமிடத்துக்குப் பிறகு ஈர்க்குக் குத்திப் பாருங்கள். இந்த அளவில் ஏறத்தாழ இரண்டு கிலோ வரும். 50 கிராம் துண்டாக வெட்டினால் 40 துண்டு.

ரிச் கேக்குக்குப் பொறுமை வேண்டும், விலையும் அதில்தான் நிற்கும். பிளம்ஸ், சுல்தானா, பேரீச்சம்பழம், செர்ரி, இஞ்சிப்பாகு, சீனியில் பதப்படுத்திய நீற்றுப்பூசணி எல்லாவற்றையும் சிறிதாக வெட்டி, கறுவா, கராம்பு, ஏலம், சாதிக்காய்த் தூள், தேன், பிரண்டியுடன் நவம்பர் நடுப்பகுதியிலேயே போத்தலில் ஊற வையுங்கள். வெட்டுகிற வேலையை ஒரு பின்னேரம் எல்லாரும் ஒரு வீட்டில் கூடிச் செய்யுங்கள். நண்பர்கள் சேர்ந்து செய்வதன் சந்தோஷம் முழுவதும் அந்தப் பின்னேரத்தில் கிடைத்துவிடும். ரவை 250 கிராமை இளம் சூட்டில் வறுத்து ஆறவிட்டு, பட்டர் 250 கிராமுடன் பிசைந்து வைத்து, பிறகு மஞ்சட்கருவும் சீனியும் அடித்ததில் சேர்ப்பதுதான் நம்மூர் முறை. அரிந்த கஜுவும் ஊறிய பழமும் போய், கடைசியில் நுரைக்க அடித்த வெள்ளைக்கரு. தட்டுக்கு நாலைந்து மடிப்புக் கடதாசி விரித்து, அதன்மேல் பட்டர் பூசிய ஒயில் பேப்பர் போடுங்கள். 150 பாகைக்குக் குறைந்த சூட்டில் இரண்டரை மணித்தியாலமாவது இருக்க வேண்டும் என்பதால், அடி கருகாமல் காப்பது இந்தக் கடதாசிதான். டிசம்பர் முதல் வாரத்தில் சுட்டுச் சுற்றி வைத்தால் நத்தாருக்குச் சுவை ஏறி நிற்கும்.

ஒரு தட்டு ரிச் கேக்குக்குப் பன்னிரண்டு மஞ்சட்கரு போனால் ஏழெட்டு வெள்ளைக்கரு மிஞ்சும். வெங்காயமும் பச்சைமிளகாயும் போட்டுப் பொரித்து வேலை செய்பவர்களுக்கு இடியப்பத்தோடு கொடுங்கள். எறிய வேண்டாம்.

பிரண்டி இல்லாமலும் ஒரு தட்டு ரிச் கேக் செய்யுங்கள். சோனகத் தெருப் பக்கத்து முஸ்லிம் நண்பர்கள் வாங்குவார்கள். அந்தப் பழத்தைத் தோடம்பழச் சாற்றில் ஊற வைக்கலாம். ஆனால் பிரண்டி போல அது பழத்தைக் காக்காது. இரண்டு நாள் குளிர்ப்பெட்டியில் ஊற வைத்தால் போதும், வாரக்கணக்கில் வைக்க வேண்டாம்.

ஓவன் சிறிது, அதிலும் மாரிக் காற்றுக்கு மின்சாரம் போய் வரும். பக்கத்துப் பேக்கரியில் கேட்டுப் பாருங்கள். பாண் சுட்டு முடிந்தபின் போறணையில் நிற்கும் சூட்டில் தட்டுகளை வைத்து எடுத்துத் தரச் சிலர் சம்மதிப்பார்கள். ரிச் கேக்குக்கு அந்த அடங்கிய சூடு நன்றாகப் பொருந்தும். பட்டர் கேக்கை அதற்குக் கொண்டுபோக வேண்டாம். கலவை காத்திருந்தால் இறங்கிவிடும்.

விலை, ஓடர், கணக்கு

மா, முட்டையோடு காஸ், ஒயில் பேப்பர், பெட்டி, ஓட்டோச் செலவு எல்லாவற்றையும் கூட்டித் துண்டுகளால் பிரியுங்கள். உதாரணமாக, ஒரு தட்டுக்கு 4,000 ரூபாய் முடிந்து 40 துண்டு வந்தால் துண்டுக்கு 100 ரூபாய் அடக்கம். விலை அதற்கு இரண்டு மடங்காவது இருக்க வேண்டும். 'நல்ல காரியத்துக்குத்தானே' என்று விலையைக் குறைத்தால் பிள்ளைக்குப் போகிற பங்குதான் குறையும். முதலை ஒரு நண்பரே போடாமல் எல்லாரும் சம அளவாகப் போட்டு, விற்றதும் முதலில் அதைத் திருப்பி எடுத்துவிடுங்கள். கணக்குக் கொப்பி ஒருவரிடம், காசு இன்னொருவரிடம்.

ஓடர் எடுத்தபின்தான் சுடுவது. டிசம்பர் 15 உடன் ஓடரை நிறுத்துங்கள். நத்தார் கிட்ட முட்டை விலையும் ஏறும். ஊர் ஓடரை விட ரொறன்ரோ, லண்டன், பாரிஸ் ஓடர்தான் கைகொடுக்கும். அங்கே இருக்கிற பிள்ளைகள் இங்கே தனியாக இருக்கிற அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நத்தார் கேக் அனுப்ப ஆசைப்படுவார்கள். 'நாங்கள் கொண்டுபோய்க் கொடுக்கிறோம், பத்து நிமிடம் இருந்து கதைத்துவிட்டும் வருகிறோம்' என்று சொல்லுங்கள். சொன்னால் அதைச் செய்யவும் வேண்டும்.

பெட்டியில் சுட்ட திகதி, முட்டை, கஜு, பிரண்டி உள்ளதா என்ற விபரத்தை எழுதி ஒட்டுங்கள். விற்க முன் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லி, என்ன ஒழுங்கு தேவை என்று கேட்டுக்கொள்வது நல்லது.

காசைச் சாப்பாடாக மாற்றுவது

இதில்தான் கூடுதல் கவனம் வேண்டும். ஒரு பிள்ளைக்கு ஒரு மாதப் பொதி இப்படி: முட்டை 30, சத்துமா ஒன்றரைக் கிலோ, நெத்தலிக் கருவாடு கால் கிலோ, பயறு ஒரு கிலோ, நல்லெண்ணெய் அரைப் போத்தல். ஆனால் எந்தத் தாயும் ஒரு பிள்ளைக்கு முட்டை கொடுத்து மற்றப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்கச் சொல்ல மாட்டாள், சொல்லவும் கூடாது. 1973 முதல் கொடுக்கப்படும் திரிபோஷாவும் வீட்டில் எல்லாருக்குமாகப் பங்கு பிரிந்துதான் போகிறது. ஆகவே வீட்டில் எத்தனை சிறு பிள்ளைகளோ அத்தனை பேருக்கும் கணக்குப் போட்டு வாங்குங்கள். அதனால் எடுக்கிற குடும்பங்கள் பாதியாகக் குறைந்தாலும் பரவாயில்லை.

சத்துமாவை நீங்களே செய்யலாம். ஒன்றரைக் கிலோவுக்கு: சிவப்புப் பச்சையரிசி 500 கிராம், குரக்கன் 250, பயறு 250, உழுந்து 150, கடலை 150, எள்ளு 100, கச்சான் 100. நாளுக்கு 50 கிராம் என்றால் ஒரு பிள்ளைக்கு ஒரு மாதம் சரியாக வரும். அரிசியிலும் குரக்கனிலும் குறைகிற புரதக்கூறு பயற்றிலும் கடலையிலும் இருக்கிறது, பருப்பு வகையில் குறைகிறதை எள்ளு ஈடு செய்கிறது. நம் ஆச்சிமார் இவற்றைக் கலந்தது சும்மா இல்லை.

ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கழுவிக் காயவைத்து வறுக்க வேண்டும். எள்ளு பொரிய எடுக்கும் நேரத்தில் கடலை பாதிகூட வறுபடாது. மழை நாளில் காய்வது கஷ்டம். காயாத தானியத்தை அரைத்தால் கட்டிபட்டுப் பூஞ்சணம் பிடிக்கும். வெயில் வரும் நாளைப் பிடியுங்கள், இல்லாவிட்டால் அடுப்பில் மெல்லிய சூட்டில் ஈரம் போக்குங்கள். கச்சானைத் தெரிந்தெடுப்பதில் கண்டிப்பாக இருங்கள். சுருங்கியது, நிறம் மாறியது, கசப்பது எல்லாம் வெளியே. பூஞ்சணம் பிடித்த கச்சானில் உள்ள நஞ்சு வறுத்தாலும் முழுதாகப் போகாது, ஈரலைக் கெடுக்கும்.

மில்லுக்கு விடியவே போங்கள், மிளகாய் அரைக்காத மெசின் எது என்று கேட்டு அதில் கொடுங்கள். எள்ளையும் கச்சானையும் தனியே போட்டால் எண்ணெய் விட்டு மெசினில் அப்பும், அரிசியோடு கலந்து கொடுக்க வேண்டும். அரைத்த மாவை ஆறவிட்டுக் காற்றுப் புகாத பேணியில் அடையுங்கள். எள்ளும் கச்சானும் இருப்பதால் ஒரு மாதத்துக்கு மேல் வைத்தால் காறல் மணம் வரும். மூன்று மாதத்துக்கும் ஒரேயடியாக அரைக்காமல் மாதா மாதம் அரையுங்கள். கச்சான், எள்ளு எந்தப் பிள்ளைக்காவது ஒத்துக்கொள்ளாதா என்று முதலே கேட்டு, அந்த வீட்டுக்கு அவை இல்லாமல், வேறாக அரைத்துக் கொடுங்கள்.

கொடுக்கும்போது தாயோடு கதைக்க வேண்டியது சில விஷயம். சிறு பிள்ளையின் வயிறு சிறிது, ஒரே தடவையில் நிறையக் கொள்ளாது. ஆகவே கூழைத் தண்ணீராகக் கரைக்காமல் கரண்டியில் நிற்கிற பதத்தில் காய்ச்சி, ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயோ தேங்காய்ப்பாலோ விட்டால் அளவு கூடாமலே சக்தி கூடும். எண்ணெய் ஒரு தேக்கரண்டியில் மட்டும் 40 கலோரி இருக்கிறது. முருங்கையிலை வேலியிலேயே நிற்கும், கொழுந்தாகக் கிள்ளிப் போடச் சொல்லுங்கள். சோற்றோடு பிளேன்ரீ கொடுக்கிற பழக்கத்தை நிறுத்தச் சொல்லுங்கள், சாப்பாட்டில் உள்ள இரும்பை உடம்பு எடுக்கத் தேநீர் விடாது. பதிலாகத் தேசிக்காய்ப் புளி இரண்டு சொட்டுக் கீரையில் விட்டால் இரும்பு நன்றாகச் சேரும். ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது. முழுக் கச்சானும் முழுக் கஜுவும் ஐந்து வயது வரை வேண்டாம், தொண்டையில் அடைக்கும்.

இதையெல்லாம் பாடம் எடுப்பது போலச் சொல்லாதீர்கள். அந்தத் தாய்மாருக்குப் பெரும்பாலும் தெரியும். தெரிந்தும் வாங்க முடியாததுதான் பிரச்சினை.

கையளிக்கும்போது

முதல் பொதி ஜனவரி முதல் வாரம். நத்தாருக்கு முதல் நாள் எல்லாரும் கொடுப்பார்கள். தை மாதம் பள்ளிக்கூடம் தொடங்கும்போது கொப்பியும் சப்பாத்தும் வாங்கியே குடும்பங்களின் கை வெறுமையாகிவிடும். கடலுக்குப் போகிற குடும்பங்களுக்கு மாரி முழுக்கவே தொழில் குறைவு. அப்போதுதான் முட்டை தேவை. முட்டை 30 ஐயும் ஒன்றாகக் கொடுத்தால் வெக்கையில் பழுதாகும், உடையும். பக்கத்துக் கடையில் காசு கட்டி, கிழமைக்குக் கிழமை எடுக்க ஒழுங்கு செய்யுங்கள். பெயர் எழுதிய துண்டு கொடுத்து எல்லார் முன்னும் நீட்ட வைக்க வேண்டாம். கடைக்காரருக்கு ஒரு இலக்கம் தெரிந்தால் போதும்.

நத்தாருக்குக் கேக்கும் அந்தப் பிள்ளைகளுக்குப் போகட்டும். சத்துக்காக என்றில்லை, பெருநாளில் மற்றப் பிள்ளைகள் சாப்பிடுவதை அவர்களும் சாப்பிட வேண்டும் என்பதற்காக. பட்டர் கேக்கை, விற்கிற அதே பெட்டியில், அதே ரிபன் கட்டி அனுப்புங்கள். உடைந்த துண்டையும் ஓரத்தையும் சேர்த்துக் கொடுக்காதீர்கள். பிரண்டி போட்ட ரிச் கேக் பிள்ளைகளுக்கு வேண்டாம்.

படம் எடுக்காதீர்கள். கேக் தட்டைப் படமெடுங்கள், மா பூசிய உங்கள் முகங்களை எடுங்கள், மில்லில் சத்துமா கொட்டுவதை எடுங்கள். பிள்ளையையும் தாயையும் வீட்டையும் எடுக்க வேண்டாம், முகத்தை மறைத்தும் வேண்டாம். சின்ன ஊரில் ஒரு படலையைப் பார்த்தே வீடு எது என்று சொல்லிவிடுவார்கள். அந்தப் பிள்ளை நாளைக்குப் பள்ளிக்கூடம் போக வேண்டும். கேக் வாங்கியவர்களுக்கு வரவு செலவுக் கணக்கும், எத்தனை பிள்ளைகளுக்கு எவ்வளவு வாங்கினோம் என்பதும் போதும். அதை எல்லாருக்கும் தவறாமல் அனுப்புங்கள்.

ஒவ்வொரு மாதமும் கிளினிக்கில் நிறுத்தபின், பொதுவாக எப்படிப் போகிறது என்று மிட்வைஃபிடம் கேளுங்கள். நிறை ஏறாவிட்டால் தாயைக் குறை சொல்ல வேண்டாம். பூச்சி, அடிக்கடி வரும் வயிற்றோட்டம், கிணற்றுத் தண்ணீர் என்று காரணம் வேறாக இருக்கலாம், அதைக் கிளினிக் பார்க்கும். பங்குனி முடிவில் காசு மிஞ்சினால் புதிதாக ஒரு பிள்ளையைச் சேர்த்து ஒரு மாதத்தில் விடுவதை விட, இருக்கிற பிள்ளைகளுக்கே சித்திரைக்கும் ஒரு பொதி வாங்குங்கள்.